ரிஃப் அதேதான், அடியில் ஓடுவது வேறு: டெத் பேண்ட் ப்ரோக்ரெசிவ் ஆன கதை

டெத் பேண்டின் ‘ஹ்யூமன்’ (1991) ஆல்பத்தைப் போட்டால் முதலில் வருவது கிட்டார் இல்லை. எங்கோ தூரத்தில் டிரம்ஸ் மட்டும் உருளத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கூடி, முகத்துக்கு நேரே வந்து நின்ற பிறகுதான் பேண்டின் தலைவர் சக் ஷுல்டினரின் கிட்டார் உள்ளே நுழைகிறது. வாசிப்பது ஷான் ரைனர்ட். ஜாஸ் ஃப்யூஷனில் ஊறிய கை. ஸ்நேரில் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) விழும் ஒவ்வொரு பெரிய அடிக்கும் நடுவே, காதில் பாதிதான் விழும் சின்னச் சின்னத் தட்டல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவரைக்கும் டெத் மெட்டலில் (உறுமல் குரலும் முரட்டு வேகமும் கொண்ட மெட்டல் வகை) டிரம்ஸின் வேலை கிட்டாரோடு சேர்ந்து ஓடுவது, முடிந்தால் அதைவிட வேகமாக ஓடுவது. அவ்வளவே.

டெத் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: 1987இல் ஜோம்பி, குடல், ரத்தம் என்று கத்திக்கொண்டிருந்த ஒரு பேண்ட், சக் நல்ல கிட்டாரிஸ்ட்டாக வளர வளர, 1998க்குள் எட்டு நிமிடப் பாடல்கள் எழுதும் ப்ரோக்ரெசிவ் (சிக்கலான தாளமும் கட்டமைப்பும் கொண்ட) மெட்டல் பேண்டாகிவிட்டது. இதில் பாதி உண்மை. ஆனால் ஏழு ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் சக்கின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி) எழுதும் முறை நாம் நினைக்கும் அளவுக்கு மாறவில்லை. டியூனிங்கும் பெரும்பாலும் அப்படியே, எல்லாத் தந்திகளும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி ஸ்டாண்டர்டில். பி.சி. ரிச் ஸ்டெல்த் கிட்டார், அதில் பிரிட்ஜ் பக்கம் ஒரே ஒரு டிமார்சியோ எக்ஸ்2என் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி), அதுவும் நிலையானது. மாறியது ரிஃபுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பதே. ப்ரோக்ரெசிவ் ஆக விரும்பும் மெட்டல் பேண்டுகள் டெத்தைப் பார்த்து எடுக்க வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது. பலர் எடுப்பதோ வேறு பாடம்.

முதல் இரண்டு ஆல்பங்களைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். ‘ஸ்க்ரீம் ப்ளடி கோர்’ (1987) இரண்டே பேர் பதிவு செய்தது. டிரம்ஸில் கிறிஸ் ரைஃபர்ட். கிட்டார், பேஸ், குரல் மூன்றும் சக். ‘லெப்ரஸி’ (1988) டாம்பாவின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. ரிக் ராஸ் இரண்டாவது கிட்டார், பில் ஆண்ட்ரூஸ் டிரம்ஸ். உறைகளில் எட் ரெப்காவின் ஓவியங்கள். நல்ல, முரட்டு, நேரான ஆல்பங்கள்.

‘ஸ்பிரிச்சுவல் ஹீலிங்’ (1990) வரும்போதுதான் கவனிக்க வேண்டியது தொடங்குகிறது. இதில் சக் ஏற்கெனவே மாறிவிட்டார். பாடல்கள் நீளமாகின்றன, ஒரு பாடலுக்குள் ரிஃப்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஜேம்ஸ் மர்ஃபியின் சோலோக்களில் மெலடி வந்துவிட்டது, வரிகள் பிணங்களை விட்டுவிட்டுச் சமூகத்தைப் பார்க்கின்றன. ஆனாலும் ஆல்பம் ஏனோ நகராத மாதிரி ஒரு கனம். காரணம் டிரம்ஸ். பில் ஆண்ட்ரூஸ் ஒவ்வொரு ரிஃபுக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு மூன்று தாளங்களைத்தான் வைக்கிறார். ரிஃப் மாறுகிறது, நடை மாறுவதில்லை. ஆறு ரிஃப் உள்ள பாடல் கேட்பவருக்கு ஒரே ரிஃப் ஆறு தடவை வந்த மாதிரி இருக்கும்.

அடுத்த ஆண்டு அதே மோரிசவுண்ட், அதே தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸ், அதே பாட்டெழுத்தாளர், அதே டியூனிங். வந்தது ‘ஹ்யூமன்’. ஒரு சோதனைக்கூடத்தில் வைத்துச் செய்தாலும் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. மாறியது வாசித்த ஆட்கள். அதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1990இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்குச் சரியான ஏற்பாடு இல்லை என்று சக் கடைசி நேரத்தில் விலகிவிட, ஆண்ட்ரூஸும் பேஸிஸ்ட் டெர்ரி பட்லரும் பேண்டின் பெயரிலேயே வேறு ஆட்களைப் பாட வைத்துப் பயணத்தை முடித்தார்கள். சக் இருவரையும் நீக்கினார். அதன்பிறகு டெத் என்பது நிலையான நால்வர் கூட்டணியாக இருக்கவே இல்லை. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எழுதிய பாட்டுக்குத் தகுந்த ஆட்களைத் தேடி எடுப்பது வழக்கமாகிவிட்டது. கசப்பில் எடுத்த முடிவு. ஆனால் இசைக்கு அது செய்த நன்மை பெரிது. ‘ஹ்யூமன்’ ஆல்பத்துக்கு சினிக் பேண்டிலிருந்து ரைனர்ட்டும் பால் மாஸ்விடலும், சேடஸ் பேண்டிலிருந்து ஸ்டீவ் டிஜார்ஜியோவும் வந்தார்கள்.

ஒரே ரிஃபுக்கு அடியில் டிரம்ஸ் மாறினால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. 180 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 180 பீட்) பதினாறாம் பங்குச் சுரங்களில் (பீட்டுக்கு நான்கு) ஓடும் ஒரு ரிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 12 சுரம். இதற்கு முதலில் த்ராஷ் அடி: ஒவ்வொரு பீட்டிலும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டு பீட்டுக்கு நடுவில் ஸ்நேர். ரிஃப் துரத்தப்படுவது போல் கேட்கும். இப்போது கிட்டாரைத் தொடாமல் ஸ்நேரை மட்டும் ஒவ்வொரு பாரின் (நான்கு பீட் கொண்ட சுற்று) மூன்றாம் பீட்டுக்குக் கொண்டு போங்கள். அதே சுரங்கள், அதே வேகம், ஆனால் பாட்டின் வேகம் பாதியாகக் குறைந்த மாதிரி காது ஏமாறும். மூன்றாவதாக, இரண்டு கால்களும் பதினாறாம் பங்கை ஓட்ட (ஒவ்வொரு காலும் நொடிக்கு 6), கை மட்டும் ரைடு சிம்பலின் மணிப்பகுதியில் பீட்டுக்கு ஒன்று என்று நிதானமாக விழட்டும். ரிஃப் விரிந்து, மேலே மிதப்பது போல் ஆகிவிடும். கிட்டாரிஸ்ட் ஒரு புதிய சுரம்கூட எழுதவில்லை, பாட்டுக்கு மூன்று பகுதிகள் கிடைத்துவிட்டன.

இதைச் செய்து பார்க்கும் பேண்டுகள் வழக்கமாக விழும் குழி, பாதி நடைக்கு, அதாவது மேலே சொன்ன இரண்டாவது வகைக்கு, மாறும் இடம். அடிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகும்போது டிரம்மரின் உடம்பு எண்ணிக்கையை விட்டுவிடும். வேகம் மெல்ல இழுபடும், அல்லது பயத்தில் முந்தும். கிட்டாரிஸ்ட் தன் பதினாறாம் பங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், மூன்றாவது பாரில் இருவரும் பிரிந்துவிடுவார்கள். தீர்வு சாதாரணமானது: ஸ்நேர் எங்கே போனாலும் இடது கால் ஹை-ஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) எட்டாம் பங்கை (பீட்டுக்கு இரண்டு) நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மெட்ரோனோமைப் பீட்டுக்கு ஒன்று என்று வைக்காமல் பாருக்கு ஒரே ஒரு தட்டல் என்று வைத்துப் பழகினால் எங்கே பிசகுகிறது என்பது உடனே வெளியே வந்துவிடும்.

ஒற்றைப்படைத் தாளங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ப்ரோக்ரெசிவ் என்றாலே ஏழும் ஐந்தும் என்று ஒரு நம்பிக்கை. டெத் அதை அளவோடுதான் பயன்படுத்துகிறது, பெரும்பாலும் ஒரு ரிஃபின் கடைசி முறையில் அரை பீட்டையோ ஒரு பீட்டையோ வெட்டி அடுத்த பகுதிக்குத் தள்ளிவிட. நமக்கு இது கஷ்டமே இல்லை, ‘தகிட தகதிமி’ என்று சொன்னால் ஏழு கைக்குள் வந்துவிடும். கஷ்டம், அந்த வெட்டு கேட்பவருக்குத் தடுக்கல் போல இல்லாமல் உந்தல் போல இருப்பது. பாடல் முழுக்க ஏழில் ஓடினால் நான்கு முறை கேட்டதும் அது இயல்பாகிவிடும். மூன்று முறை நான்காக வந்து நான்காவது முறை மூன்றரையாக வரும்போதுதான் உடம்பு முன்னால் தள்ளப்படும்.

பேஸ் கிட்டாரின் கதை தனி. ‘ஹ்யூமன்’ 1991 மிக்ஸில் (எல்லாக் கருவிகளின் ஒலியையும் அளவு வைத்துக் கலந்த பதிப்பு) டிஜார்ஜியோ இருப்பதே பல இடங்களில் தெரியாது. அபாரமாக வாசித்திருக்கிறார், கேட்கத்தான் முடியவில்லை. 2011இல் ரிலாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மறு மிக்ஸில் அவர் கொஞ்சம் வெளியே வருகிறார். முதன்முறை கேட்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம் என்பது எங்கள் கட்சி. பழைய மிக்ஸில் அவர் ஏன் மறைந்தார் என்பதற்குக் காதை மட்டும் குறை சொல்ல முடியாது, கொஞ்சம் கணக்கும் இருக்கிறது. டி ஸ்டாண்டர்டில் கிட்டாரின் தாழ்ந்த டி 73.4 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் சுரம் ஏ 110 ஹெர்ட்ஸ். பவர் கார்டாக இரண்டையும் சேர்த்து டிஸ்டார்ஷனுக்குள் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் சுற்று) விட்டால், அது இரண்டின் வித்தியாசத்தையும் ஒரு சுரமாக உருவாக்கித் தரும்: ஏறத்தாழ 36.6. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த டி 36.7. அதாவது பேஸ் வாசிக்க வேண்டிய சுரத்தை கிட்டாரின் ஆம்ப் தானே போலியாக உண்டாக்கிவிடுகிறது. கிட்டார் ஸ்பீக்கர் அந்த ஆழத்தை முழுதாக வெளியே தள்ளாது, ஆனாலும் காது அதை ஊகித்துக்கொள்ளும். மேலே டபுள் கிக்கின் கிளிக் வேறு. பேஸ் கிட்டார் ரிஃபையே ஒரு ஸ்தாயி கீழே வாசித்தால் அதற்கு உட்கார நாற்காலியே இல்லை.

அடுத்த ஆல்பமான ‘இண்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ்’ (1993) இந்தச் சிக்கலை ஒலிப்பதிவால் தீர்க்கவில்லை, வாசிப்பால் தீர்த்தது. டிஜார்ஜியோ ஃப்ரெட்லெஸ் பேஸை எடுத்தார். ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இல்லாத கழுத்தில் தந்தி மரத்தோடு உரசும்போது நடு அலைவரிசையில் ஒரு முனகல் வரும், சுரத்துக்குச் சுரம் வழுக்கும். டிஸ்டார்ஷன் கிட்டாரிடம் அந்தக் குரல் கிடையாது. அதோடு அவர் ரிஃபை நகல் எடுப்பதை விட்டுவிட்டு, கிட்டார் நிற்கும் இடங்களில் ஓடுவார், ஓடும் இடங்களில் ஒற்றைச் சுரத்தைப் பிடித்து இழுப்பார். மிக்ஸிலும் இந்த முறை தாராளமாக மேலே வைத்திருக்கிறார்கள். டிரம்ஸில் ஜீன் ஹோக்லன், இரண்டாவது கிட்டாருக்கு கிங் டயமண்ட் பேண்டின் ஆண்டி லாராக். ‘தி ஃபிலாசஃபர்’ தொடக்கத்தில் வரும் டாப்பிங் ரிஃப் (இரு கை விரல்களாலும் கழுத்தில் தட்டி வாசிப்பது) மெட்டல் கேட்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை கேட்கும்போது அதை விட்டுவிட்டுப் பேஸை மட்டும் பின்தொடருங்கள், வேறொரு பாட்டு கேட்கும்.

இதைப் புகழ்ந்துகொண்டே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். பத்துப் பாடல், நாற்பது நிமிடம், நான்கு பேரும் நான்கு திசையில் பேசுகிறார்கள். பல இடங்களில் ரிஃப் எது, அலங்காரம் எது என்று புரிய மூன்று நான்கு தடவை கேட்க வேண்டியிருக்கும். ரசிகர்களில் ஒரு சாராருக்கு இதுதான் உச்சம். எங்களுக்கு இது உச்சத்துக்கு முந்தைய படி.

‘சிம்பாலிக்’ (1995) அந்த நெரிசலைக் கலைத்தது. தயாரிப்பில் ஸ்காட் பர்ன்ஸுக்குப் பதில் ஜிம் மாரிஸ், ஸ்டுடியோ அதே மோரிசவுண்ட். பாபி கோல்பிள் கிட்டார், கெல்லி கான்லன் பேஸ். கான்லன் டிஜார்ஜியோ அளவுக்கு அலைவதில்லை, அது பாட்டுக்கு நல்லதாகவே அமைந்தது. ஹோக்லன் இங்கே செய்திருப்பதைத்தான் டிரம்மர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்: குரல் வரும் இடத்தில் கையைக் குறைத்துக்கொள்கிறார். ரைடின் மணியில் விழும் சின்ன உச்சரிப்புகள் வரிகளுக்கு நடுவில் மட்டும் வரும். முந்தைய ஆல்பத்தில் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்த அதே மனிதர் இதில் கேள்வி முடியும்வரை காத்திருந்து பதில் சொல்கிறார்.

இந்த ஆல்பத்தின் பெரிய சொத்து இரண்டு கிட்டார்களின் ஹார்மனி (ஒரே மெலடியை வெவ்வேறு சுரங்களில் சேர்த்து வாசிப்பது). அது ஏன் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கும் மேலே சொன்ன கணக்கே பதில். ஒரே கிட்டாரில் டி (146.8 ஹெர்ட்ஸ்), எஃப் (174.6) இரண்டையும் சேர்த்து அதிக கெயினில் (டிஸ்டார்ஷனைக் கூட்டி) வாசித்துப் பாருங்கள், கரகரவென்று குழம்பும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் துணைச் சுரங்களில் ஒன்று, கீழ்ச் சுரத்தின் இரட்டிப்பிலிருந்து மேல் சுரத்தைக் கழித்தால் வருவது: 119 ஹெர்ட்ஸ். அது பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவில், எந்த ஸ்கேலிலும் சேராமல் நிற்கும். அதே இரண்டு சுரத்தை இரண்டு கிட்டார்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தனித்தனி ஆம்ப் வழியாக, இடது வலது என்று வைத்தால் அவை ஒரே டிஸ்டார்ஷனுக்குள் சந்திப்பதே இல்லை. கலப்பது காற்றில் மட்டும். துணைச் சுரம் பிறக்க வழியில்லை. மேம்பட்ட கார்டுகளை எழுதிவிட்டு “டோன் சரியில்லை” என்று பெடல் மேல் பெடலாக வாங்குபவர்கள், முதலில் கார்டை இரண்டு பேருக்குப் பிரித்து வாசித்துப் பார்க்கலாம்.

ஹார்மனி எழுதும்போது நடக்கும் இன்னொரு பிசகு, எல்லாச் சுரத்துக்கும் மேலே மூன்று ஃப்ரெட் என்று கண்ணை மூடிக்கொண்டு நகர்த்துவது. டி மைனரில் ஒவ்வொரு சுரத்தின் மேலும் மூன்றாம் சுரத்தின் தூரம் டி-க்கு 3, ஈ-க்கு 3, எஃப்-க்கு 4, ஜி-க்கு 3, ஏ-க்கு 3, பி ஃப்ளாட்டுக்கு 4, சி-க்கு 4 ஃப்ரெட். ஹார்மோனிக் மைனருக்காக சி-யை சி ஷார்ப் ஆக்கினால் ஏ-யின் மேல் 4 ஆகும், சி ஷார்ப்பின் மேல் 3. இந்த ஒரு ஃப்ரெட் வித்தியாசங்களை விட்டுவிட்டால் மெலடி ஸ்கேலை விட்டு வெளியே போய் கார்ட்டூன் மாதிரி கேட்கும்.

பாட்டின் கட்டமைப்பும் கவனிக்கத்தக்கது. ‘கிறிஸ்டல் மவுண்டன்’ பாடலை எடுத்தால் ரிஃப், வெர்ஸ் (சரணம்), கோரஸ் (பல்லவி போலத் திரும்பி வரும் பகுதி), மறுபடி வெர்ஸ், கோரஸ், சோலோ, மீண்டும் வெர்ஸ், கோரஸ், கடைசியில் அக்கூஸ்டிக் கிட்டார் சேரும் ஒரு வால். வானொலிப் பாட்டின் எலும்புக்கூடு. சக் கடைசிவரை கோரஸைக் கைவிடவில்லை. பெரும்பாலான பாடல்கள் சோலோவுக்குப் பிறகு தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வருகின்றன. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘பெரென்னியல் க்வெஸ்ட்’கூட நடுவில் எங்கு போனாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த அமைதியான முடிவுக்குள் நுழைகிறது. டெத்தைக் கேட்டுவிட்டு வந்த பல பேண்டுகள் இதைத்தான் தவறவிட்டார்கள். பதினெட்டு ரிஃபை வரிசையாகத் தைத்து, எதற்கும் திரும்பாமல், ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். வாசிக்கக் கடினம், கேட்டு முடித்ததும் முணுமுணுக்க ஒன்றும் இருக்காது. ஒரு பாடலுக்கு நான்கு ரிஃப் போதும். அதில் இரண்டாவது மறுபடி வரும்போது டிரம்ஸை மாற்றுங்கள், மூன்றாவது மறுபடி வரும்போது ஹார்மனி சேருங்கள். ஐந்தாவது ரிஃப் வேண்டும் என்று தோன்றினால் அது பெரும்பாலும் அடுத்த பாட்டுக்கு உரியது.

‘தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ்’ (1998) மறுபடியும் முழுக்கப் புது ஆட்கள்: டிரம்ஸில் ரிச்சர்ட் கிறிஸ்டி, கிட்டாரில் ஷானன் ஹாம், பேஸில் ஸ்காட் கிளெண்டெனின். சக் அப்போது கண்ட்ரோல் டினைட் என்ற வேறொரு பேண்டைத் தொடங்கியிருந்தார், அதற்காக எழுதியவற்றில் சில இங்கே வந்து சேர்ந்தன. ஐம்பது நிமிடத்தைத் தாண்டும் ஆல்பம், சக்கின் குரல் முன்பைவிட மேலே ஏறிக் கிறீச்சிடுகிறது. ‘ஸ்பிரிட் க்ரஷர்’ பேஸ் கிட்டாரிலிருந்து தொடங்குகிறது. ‘வாய்ஸ் ஆஃப் த சோல்’ டிரம்ஸே இல்லாமல் கிட்டார்கள் மட்டும் பேசும் பாடல். இத்தனை ஆண்டு ரிஃபுக்கு அடியில் நடந்த வேலையை முழுக்க எடுத்துவிட்டு மெலடியை மட்டும் வைத்தால் அது தனியாக நிற்குமா என்று பார்த்த மாதிரி. நிற்கிறது. ஆனால் நீளமான பாடல்களில் தையல் தெரிகிறது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெறும் நிறுத்தம், பிறகு புது வேகம். ‘சிம்பாலிக்’ ஆல்பத்தில் அந்தத் தாண்டலை ஹோக்லன் கை பிடித்து அழைத்துப் போவார். கிறிஸ்டி வேகத்திலோ திறமையிலோ குறைந்தவர் இல்லை. ஆனால் தாண்டும் இடங்களிலும் நிறைத்தே வாசிக்கிறார். கடைசிப் பாடலாக ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் ‘பெயின்கில்லர்’ வைத்தது சக்கின் மனம் எங்கே இருந்தது என்பதைச் சொல்கிறது: அவருக்கு ஆசை பழைய ஹெவி மெட்டலின் உயரக் குரல் மேல்.

அந்த ஆசைக்குத்தான் கண்ட்ரோல் டினைட். 1999இல் ‘தி ஃப்ராஜைல் ஆர்ட் ஆஃப் எக்ஸிஸ்டன்ஸ்’ வந்தது. பாடியவர் டிம் அய்மர், பேஸில் மறுபடி டிஜார்ஜியோ. இங்கே ஒரு புதுச் சிக்கல் முளைத்தது, அது டெத்தில் இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. உறுமல் குரலுக்குத் திட்டமான சுரம் கிடையாது, அது தாளக் கருவி மாதிரி. அதனால் மெலடி முழுவதும் கிட்டாருக்கே சொந்தம், ரிஃப் எந்தச் சுரத்துக்குப் போனாலும் குரலோடு மோதாது. அய்மர் சுரத்தோடு பாடுகிறார். ஆனால் சக்கின் ரிஃப்கள் இன்னும் உறுமலுக்கு எழுதியதைப் போலவே நெருக்கமாக ஓடுகின்றன. வெர்ஸ்களில் குரலும் கிட்டாரும் ஒரே நடு அலைவரிசையில் தோளை இடித்துக்கொள்கின்றன. கோரஸில் கிட்டார் நீண்ட கார்டுகளுக்கு இறங்கும் இடங்களில் மட்டும் பாட்டு சட்டென்று திறக்கிறது. அடுத்த ஆல்பத்தில் வெர்ஸ்களிலும் அப்படி இடம் விட்டிருப்பார் என்று நினைக்கிறோம். அதற்கான பதிவு தொடங்கி முடிவதற்குள், மூளைக் கட்டியால் 2001 டிசம்பர் 13 அன்று 34 வயதில் சக் இறந்துபோனார்.